வரிசை எண் 437

நாகஜோதியின் வலது கையை மூன்று இடத்தில் உடைத்திருந்தார்கள். தாடை பெயர்ந்து, கம்பி கட்டியிருந்தது. மண்டையில் பதினான்கு தையல். மதுரை ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

"பேசுற வாய், எழுதுற கை," என்றாள் முருகேஸ்வரி, கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபடி. "பாத்துப் பாத்து அடிச்சிருக்கான்."

"வெறியில அடிச்சவன் இல்ல மேடம்," என்றான் உதயகுமார். "லிஸ்டு போட்டு அடிச்சிருக்கான்."

முருகேஸ்வரிக்கு நாற்பத்தெட்டு வயது. பத்தொன்பது வருடம் போலீஸில் இருந்தவள். சப்-இன்ஸ்பெக்டராக இருந்தபோது மேலதிகாரி சொன்ன ஒரு பொய்யை எழுத மறுத்து, அதே தாளில் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். இப்போது பாளையம்பட்டியில் ஒரு செல்போன் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். உதயகுமார் அவளுடைய உதவியாளன். அருப்புக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குடும்பம். அவன் வாய்க்குப் பயந்து வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போக ஆரம்பித்ததும், அவனுடைய அப்பாவே அவனை முருகேஸ்வரியிடம் கொண்டுவந்து விட்டார். அப்போது அவனுக்கு வயது முப்பத்து மூன்று.

வராந்தாவில், முருகேஸ்வரியைப் போன் செய்து வரச்சொன்ன நாகஜோதியின் கணவன் நாகராஜ் உட்கார்ந்திருந்தான். மினி லாரி ஓட்டுகிறவன். இரண்டு முழங்கைகளிலும் முள் கிழித்த கோடுகள். சட்டையில் மனைவியின் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"அங்கன்வாடி வேலை பாக்குறா. ஒரு மாசத்துக்கு முன்னாடி செவல்குண்டு ஊருக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலரா போட்டாக. அதுக்கு முன்ன அந்த ஊரு எந்தப் பக்கம்னுகூட இவளுக்குத் தெரியாது," என்றான் நாகராஜ். "தேர்தல் தேதி சொன்னதுல இருந்து வீடு வீடா அலைஞ்சா. நேத்துக் காலையில பத்து மணிக்கு ஸ்கூட்டியில போயிருக்கா. கருவேலங்காட்டுல கரிமூட்டம் போடுற இடத்துல ரெண்டு பேரு பைக்கைக் குறுக்க விட்டு மறிச்சிருக்கானுக. முகத்துல துண்டு."

"பாத்தது யாரு?"

"கரி அள்ளுற ஒரு அம்மா. தூரத்துல இருந்து சத்தம் மட்டும் கேட்டிருக்கு. 'பேப்பர் எங்க, பேப்பர் எங்க'ன்னு கேட்டுக் கேட்டு இரும்புக் குழாயால அடிச்சானுகளாம். இவ சொல்லவே இல்லையாம்." அவன் சட்டையில் காய்ந்த ரத்தத்தை நகத்தால் சுரண்டினான். "சொல்லித் தொலைச்சிருக்கலாம்."

"போலீசு என்ன சொல்லுது?"

"அசோக்னு ஒருத்தனைப் பிடிச்சு வச்சிருக்காக. கட்சிக்காரன். அவன் சொந்தக்காரங்க நாலு பேரு பேரு லிஸ்டுல விட்டுப்போச்சுன்னு போன வாரம் இவகிட்டச் சண்டை போட்டான். அவன்தான்னு முடிவு பண்ணிட்டாக. இவ பையைக்கூடத் தேடல. நான்தான் முள்ளுக்குள்ள போயி எடுத்தேன்."

பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு நீலப் பையை எடுத்துக் கொடுத்தான். முருகேஸ்வரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நிரப்பாத படிவங்கள், மை டப்பா, அடையாள அட்டை, திறக்காத டிபன் பாக்ஸ், கடைசியாக செவல்குண்டு வாக்காளர் பட்டியல். நாகஜோதி ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலால் பொடி எழுத்தில் குறித்திருந்தாள். 'ஆள் நேரில்.' 'வேலைக்குத் திருப்பூர், தேர்தலுக்கு வருவார்.' '12டி கொடுத்தேன், வேண்டாம் என்றார்.'

"பன்னெண்டு டியா? பஸ்ஸு நம்பரு மாதிரி இருக்கு," என்றான் உதயகுமார்.

"படிவத்தோட பேரு. எம்பத்தஞ்சு வயசு தாண்டினவுக, நாப்பது சதவீதத்துக்கு மேல ஊனம் இருக்கிறவுக, விருப்பப்பட்டா வீட்டுலயே ஓட்டுப் போடலாம். அதுக்கு இதுல கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். மனு தாக்கல் ஆரம்பிச்சதுல இருந்து அஞ்சு நாளுக்குள்ள ஆபீஸ் போய்ச் சேரணும். இன்னைக்குக் கடைசி நாள்."

புரட்டிக்கொண்டே வந்தவளின் விரல் நின்றது. பதினாறாம் பக்கத்துக்குப் பிறகு பதினெட்டாம் பக்கம். நடுவில் ஒரு தாள் கிழிக்கப்பட்டிருந்தது.

"அசோக் இல்ல," என்றாள்.

நாகராஜ் நிமிர்ந்தான். "எப்படிச் சொல்றீக?"

"அவன் சண்டை போட்டது லிஸ்டுல இல்லாத பேருக்காக. இல்லாத பேருக்குச் சண்டை போடுறவன் இருக்கிற பேரை எதுக்குக் கிழிக்கணும்?"

உதயகுமார் தலையைச் சொறிந்தான். "ஆனா கிழிச்சவனும் பெரிய புத்திசாலி இல்ல மேடம். இந்த லிஸ்டு எல்லாக் கட்சிக்காரன்கிட்டயும் இருக்கு. செல்போன்லயே எடுக்கலாம். ஊருக்கே தெரிஞ்சதைத் திருடிட்டுப் போயிருக்கான்."

"பேரை மறைக்கக் கிழிக்கல. பேருக்குப் பக்கத்துல நாகஜோதி எழுதுனதை மறைக்கக் கிழிச்சிருக்கான். நீ அந்தப் பக்கத்தை எடு."

உதயகுமார் செல்போனைத் தட்டினான். "நான் மனுஷன்தான்னு நிரூபிக்கச் சொல்லி நாலு தடவை கேக்குது. எங்க வீட்டுலகூட இத்தனை தடவை கேக்கல." ஐந்தாவது முறை பட்டியல் இறங்கியது. பதினேழாம் பக்கம். வரிசை எண் 421 முதல் 450 வரை. முப்பது பெயர்கள்.

வயதுப் பகுதியில் ஒரே ஒருவர்தான் எண்பத்தைந்தைத் தாண்டியிருந்தார். சங்கரபாண்டியன், வயது 87.

*

காரியாபட்டி தாண்டி மல்லாங்கிணறு வந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பியதும் ரோடு ஒற்றையாகிவிட்டது. இரண்டு பக்கமும் வெடித்த கரிசல். பருத்தி எடுத்து முடித்த செடிகள் குச்சியாக நின்றன. இடையிடையே வேலிக்குள் வரிசை வரிசையாகச் சூரிய மின்தகடுகள். நாகஜோதி அடிபட்ட இடத்தில் முருகேஸ்வரி காரை நிறுத்தவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தாள். கரித்தூளோடு கலந்த மண்ணில் உடைந்த கண்ணாடி வளையல்கள் கிடந்தன.

சங்கரபாண்டியன் செவல்குண்டு பஸ் நிறுத்தத்தில் கடை வைத்திருந்தார். எண்பத்தேழு வயதிலும் அவரே தராசு பிடித்தார்.

"வீட்டுல வந்து ஓட்டு வாங்குறேன்னு அந்த அங்கன்வாடிப் பொண்ணு முந்தாநாள் படிவம் நீட்டுச்சு," என்றார். "வேண்டாம்னுட்டேன். வேட்டி சட்டை போட்டு பூத்துக்குப் போனாத்தான் நான் இன்னும் இருக்கேன்னு ஊருக்குத் தெரியும். வீட்டுல உக்காந்து போட்டா, கடனுக்கு வாங்குனவன்லாம் நான் படுத்துட்டேன்னு நினைச்சுக்கிருவான்."

"உங்க பக்கத்துல நடக்க முடியாதவுக வேற யாராச்சும் இருக்காகளா?" என்று கேட்டாள் முருகேஸ்வரி, செல்போனில் பக்கத்தைக் காட்டி.

பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். விரல் 437இல் நின்றது. தங்கலட்சுமி, வயது 43.

"சங்கையா தங்கச்சி. சின்ன வயசுலயே இடது காலு வராது. புருசன் செத்ததும் மகளோட அண்ணன் வீட்டுக்கு வந்துட்டா. அப்பன்காரன் உயில்ல பதினெட்டு ஏக்கர் கரிசலையும் அந்த வீட்டுல பாதியையும் இவ பேருக்கு எழுதி வச்சிட்டான். இப்ப சோலார் கம்பெனிக்காரன் அந்த நிலத்தைக் கேட்டு நிக்கான். இவ மாட்டேன்னுட்டா."

"இப்ப எங்க இருக்காக?"

"போன ஆடியிலயே மகளைக் கூட்டிக்கிட்டுக் கோயம்புத்தூர் போயிட்டான்னு சங்கையா சொல்றாரு."

"நீங்க பாத்தீகளா?"

"பஸ்ஸுல போயிருந்தா என் கடையைத் தாண்டித்தான் போகணும். நான் பாக்கல." பெரியவர் குரலைத் தணித்தார். "சங்கையா இந்த ஊரு பூத்துக்குக் கட்சிப் பொறுப்பாளர். அவரு சொன்னா ஊரு கேட்டுக்கிரும். அந்தப் பொண்ணு என்கிட்டப் பேசிட்டு அவுக வீட்டுக்குத்தான் போச்சு. அரை மணி கழிச்சு வந்து ஒரு சோடா குடிச்சிட்டு, அவசரமா அருப்புக்கோட்டைக்கு வண்டியைத் திருப்பிருச்சு."

கடையை விட்டு இறங்கி முருகேஸ்வரி காரில் ஏறியதுமே பைக் சத்தம் கேட்டது. ஓட்டி வந்தவன் நிறுத்தாமலே இரும்புக் குழாயை வீசினான். கார்க் கண்ணாடி பொடிப்பொடியாகக் கொட்டியது. பைக்கைச் சாய்த்துப் போட்டுவிட்டு இரண்டாவது அடியை உதயகுமாரின் தோளில் இறக்கினான். உதயகுமார் முட்டி போட்டு விழுந்தான்.

"காளீஸ்வரா, விடுய்யா," என்று கடைக்குள்ளிருந்து பெரியவர் கத்தினார்.

"டவுனுக்காரிக்கு இந்த ஊருல என்ன சோலி?" என்று காளீஸ்வரன் குழாயை மறுபடி ஓங்கினான். "நேத்து ஒருத்திக்கு விழுந்தது பத்தாதா?"

முருகேஸ்வரி கார்க் கதவை முழு பலத்தோடு உதைத்துத் திறந்தாள். கதவின் விளிம்பு அவன் முகத்தில் மோதியது. மூக்கெலும்பு முறிகிற சத்தம் கடை வரைக்கும் கேட்டது. அவள் குழாயைப் பிடுங்கி அவன் முழங்காலில் ஒரே ஒரு அடி வைத்தாள். அவன் ரத்தம் ஒழுக, நொண்டிக்கொண்டே பைக்கைத் தூக்கி ஏறி ஓடினான்.

"பிடிக்கலையா மேடம்?" என்றான் உதயகுமார், தரையில் கிடந்தபடி.

"பிடிச்சாச்சு. நேத்து அடிச்சது யாருன்னு அவனே சொல்லிட்டான். யாருக்காக அடிச்சான்னு அவன் போற திசை சொல்லுது."

பைக் சங்கையா வீட்டுப் பக்கம் திரும்பி மறைந்தது.

உதயகுமார் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முதல்முறையாக அவன் முகத்தில் கேலி இல்லை. "தங்கலட்சுமி கோயம்புத்தூர் போகல மேடம். அண்ணன் கொன்னு பொதைச்சிட்டான். நாகஜோதி போயி ஆளைக் கேட்டிருக்கு. ஆள் இல்லன்னு லிஸ்டுல எழுதியிருக்கு. அதைத்தான் கிழிச்சிருக்கானுக."

முருகேஸ்வரி காரைக் கிளப்பினாள். அவளும் அதையேதான் நினைத்தாள்.

*

அருப்புக்கோட்டை தாலுகா ஆபீஸில் நிற்க இடமில்லை. வேட்புமனு போட வந்த கூட்டம் வாசலில், அவர்களைத் தடுக்கும் போலீஸ் கயிற்றுக்குப் பின்னால். தேர்தல் பிரிவு துணைத் தாசில்தார் சுபத்ரா மூன்று போன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். முருகேஸ்வரி போலீஸில் இருந்த காலத்திலிருந்தே தெரிந்தவள். நாகஜோதியின் பெயரைச் சொன்னதும் போன்களைக் கவிழ்த்து வைத்தாள்.

"செவல்குண்டுல 437ஆம் நம்பர் வாக்காளர் உயிரோட இல்லன்னு நாகஜோதி ஏதாவது எழுதிக் குடுத்துச்சா?" என்று, கடைக்காரப் பெரியவர் சொன்னதை எல்லாம் சொல்லிவிட்டு முருகேஸ்வரி கேட்டாள்.

"இல்லையே. முந்தாநாள் சாயங்காலம் நாலு மணிக்கு மூணு 12டி படிவம் கொண்டாந்து குடுத்துச்சு. அதுல ஒண்ணு 437." சுபத்ரா கட்டிலிருந்து ஒரு தாளை உருவினாள். "தங்கலட்சுமி. கையெழுத்து இருக்கு. முந்தாநாள் தேதி."

உதயகுமார் எட்டிப் பார்த்தான். நடுக்கமில்லாத, வட்டமான கையெழுத்து.

"செத்தவுக எழுத்து இவ்வளவு அழகா இருக்காது," என்றான் மெதுவாக.

"அப்ப நேத்து அவனுக தேடுன பேப்பர் இதுதான். கிழிச்ச பக்கத்துல 'ஆள் நேரில்'னு இருந்திருக்கும்," என்றாள் முருகேஸ்வரி. "முதல் நாளே இங்க வந்து சேந்துருச்சுன்னு அவனுகளுக்குத் தெரியல. நாகஜோதியும் சொல்லல. சுபத்ரா, இந்தப் படிவம் வந்துட்டா அடுத்து என்ன நடக்கும்?"

"சரிபாத்து லிஸ்டுல ஏத்துவோம். அந்த லிஸ்டு எல்லா வேட்பாளருக்கும் போகும். அப்புறம் ஒரு தேதி குறிச்சு, ரெண்டு அலுவலர், ஒரு போலீசு, ஒரு வீடியோகிராபர் வீட்டுக்கே போவாக. கட்சி ஏஜெண்டுகளும் கூடப் போகலாம். வாக்காளரை நேர்ல பாத்து, தனியா உக்கார வச்சு, ரகசியமா ஓட்டு வாங்கி உறைய ஒட்டிக் கொண்டாருவாக. ஆள் இல்லன்னா இன்னொரு தடவையும் போவாக. ஆனா இந்தப் படிவத்துல ஒரு குறை இருக்கு. செல் நம்பரைக் கம்ப்யூட்டர் வாங்க மாட்டேங்குது. நாகஜோதி அவசரத்துல கவனிக்கல போல. ஒண்ணுல ஆரம்பிக்கிற செல் நம்பர் எங்கயாச்சும் உண்டா?"

முருகேஸ்வரி படிவத்தைத் தன் பக்கம் திருப்பினாள். கட்டங்களுக்குள் பத்து எண்கள்.

1001811098.

மேஜைமேல் இருந்த பென்சிலை எடுத்து ஒரு துண்டுக் காகிதத்தில் அதே எண்களை எழுதினாள். மூன்றாவது எண்ணுக்குப் பிறகு ஒரு கோடு. ஆறாவது எண்ணுக்குப் பிறகு இன்னொரு கோடு.

100. 181. 1098.

சுபத்ராவின் முகம் வெளுத்தது. "நூறு, போலீசு. நூத்தி எம்பத்தொண்ணு, பெண்களுக்கான உதவி நம்பரு."

"பத்து தொண்ணூத்தெட்டு குழந்தைகளுக்கு," என்றாள் முருகேஸ்வரி. "பள்ளிக்கூடப் புத்தகத்துல அச்சடிச்சிருப்பாங்க. பிள்ளையும் உள்ளதான் இருக்கு. கையெழுத்துப் போடும்போது யாரோ பக்கத்துல நின்னு பாத்திருக்காக. எழுத்தா எழுதுனா படிச்சிருவாக. நம்பரை யாரு படிக்கப் போறா?"

"ஊருக்குக் கோயம்புத்தூர்னு சொன்னவன், பட்டியல் திருத்துனப்ப அவ பேரை ஏன் எடுக்கல?" என்றாள் சுபத்ரா. "அண்ணன்தான் அவளுக்காகப் படிவம் நிரப்பிக் குடுத்திருக்காரு. இங்க பதிவு இருக்கு."

"நிலத்தை எழுதிக் குடுக்க வைக்கத்தான் அவளை அடைச்சு வச்சிருக்கான். பத்திரம் பதியுறப்ப அவ அந்த வீட்டுலதான் இருக்கான்னு காட்ட அடையாளம் வேணும்ல. அதுக்காக பேரை லிஸ்டுல வச்சுக்கிட்டான். பேரு இருந்ததால நாகஜோதி படிவத்தோட போயி நின்னுச்சு." முருகேஸ்வரி எழுந்துவிட்டாள். "தங்கலட்சுமி ஓட்டுக்காகக் கையெழுத்துப் போடல. அந்தக் கதவைத் திறக்க சட்டப்படி ஆள் வரணும்னு போட்டிருக்கா. கேமராவோட ஆள் வர்றதுக்குள்ள ரெண்டு பேரையும் இல்லாம ஆக்கணும்னு இப்ப சங்கையா நினைப்பான். நாங்க ஊருக்குள்ள வந்து போனதும் அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு."

சுபத்ரா இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள். தலைவர் கூட்டத்துக்குப் பந்தோபஸ்து, இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

"பறக்கும் படை மல்லாங்கிணறு ரோட்டுல நிக்குது," என்றாள் சுபத்ரா. "தேர்தல் விதிமீறல்னு கமிஷனோட செயலியில படம் ஏத்துனா உடனே கிளம்பிரும். நூறு நிமிசத்துக்குள்ள புகாரை முடிச்சாகணும். படத்துக்கு ஏதாவது இருக்கா?"

"பூத்துப் பொறுப்பாளர் வீட்டுல படத்துக்கா பஞ்சம்," என்றான் உதயகுமார்.

*

சங்கையாவின் வீடு ஊருக்கு வெளியே தனியாக இருந்தது. முன்னால் இரும்புக் கேட், பின்னால் தகரக் கூரை போட்ட மிளகாய் வத்தல் குடோன். குடோன் வாசலை ஒட்டி ஒரு லோடு வேன் பின்பக்கமாக நின்றது.

உதயகுமார் சுற்றுச்சுவரை ஒட்டிப் பின்பக்கம் போனான். முருகேஸ்வரி கேட்டைத் திறந்து நேராக உள்ளே நடந்தாள். வாசலில் சங்கையாவின் மனைவி மூக்கம்மாள் நின்றாள். கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது.

"தங்கலட்சுமியைப் பாக்கணும்," என்றாள் முருகேஸ்வரி.

"மதினி கோயம்புத்தூர்ல இருக்காக."

"முந்தாநாள் நீங்கதானே பக்கத்துல நின்னு கையெழுத்து வாங்கிக் குடுத்தீக?"

மூக்கம்மாள் கண்கள் நிறைந்தன. "அவரு இல்லாத நேரமாப் பாத்து அந்தப் பொண்ணு வந்துருச்சு. ஆள் இல்லன்னு சொன்னா ஆபீஸ்ல இருந்து விசாரிக்க வருவாகன்னு சொல்லுச்சு. கையெழுத்தோட போயிரும்னு நினைச்சு மதினியை முன்னால கூட்டியாந்து உக்கார வச்சேன். வீட்டுக்கே கேமரா வரும்னு எனக்குத் தெரியாது. ராத்திரி அவருகிட்டச் சொன்னேன்." அவள் உதட்டைத் தொட்டாள். "இது அதுக்குத்தான்."

"இப்ப எங்க இருக்காக?"

மூக்கம்மாள் தலையை மட்டும் குடோன் பக்கம் திருப்பினாள்.

அதே நேரம் பின்னாலிருந்து உதயகுமாரின் குரல் வந்தது. "மேடம், வேன் நிறைய கட்சிக் கரை போட்ட சேலை. படம் ஏறிடுச்சு. ஒரே ஒரு கோடுதான் சிக்னல், இருந்தாலும் ஏறிடுச்சு." அதைத் தொடர்ந்து ஓர் அலறல்.

முருகேஸ்வரி ஓடினாள்.

காளீஸ்வரன் உதயகுமாரைக் கழுத்தோடு பிடித்துக் குடோன் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். குடோனுக்குள் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே சங்கையா நின்றான். ஐம்பது வயது, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கையில் அருவா. அவனுக்குப் பின்னால் தரையில் ஒரு பெண் கிடந்தாள். வாயில் துணி, கைகள் முன்னால் கட்டப்பட்டிருந்தன. பக்கத்தில் ஒன்பது வயதுச் சிறுமி, அம்மாவின் சேலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"சங்கையா, அதைக் கீழ போடுங்க," என்றாள் முருகேஸ்வரி. "பறக்கும் படை வந்துக்கிட்டு இருக்கு."

"வரட்டும். திருட வந்தவளை வெட்டுனேன்னு சொல்லிக்கிறேன்."

சொல்லி முடிப்பதற்குள் வீசினான். அவள் விலகியும் அருவா இடது முன்கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் வத்தல் மூட்டையில் தெறித்தது. இரண்டாவது வீச்சு மூட்டையில் இறங்கிச் சிக்கியது. அவன் பிடுங்கிக்கொண்டிருந்த அந்த ஒரு நொடியில், உதயகுமார் காளீஸ்வரனின் உடைந்த மூக்கில் தன் நெற்றியால் முட்டி விடுவித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். கிழிந்த மூட்டையை அடியோடு தூக்கி சங்கையாவின் தலையில் கவிழ்த்தான்.

வத்தலும் நெடியும் தூசியும் குடோனை நிரப்பின. சங்கையா இருமினான். முருகேஸ்வரி கண்ணைத் திறக்க முடியாமல் சுவரைத் தடவினாள். உதயகுமார் தும்மலில் மடங்கி உட்கார்ந்துவிட்டான். சங்கையா மட்டும் கண்ணை மூடிக்கொண்டே அருவாவைப் பிடுங்கிக் காற்றில் வீசிக்கொண்டு முன்னேறினான். ஒரு வீச்சு உதயகுமாரின் காதோரம் உரசிக்கொண்டு போனது.

எட்டு மாதமாக அந்த நெடியிலேயே மூச்சு விட்டவர்கள் அங்கே இரண்டு பேர் இருந்தார்கள்.

தங்கலட்சுமி தரையோடு தரையாக ஊர்ந்து வந்தாள். கட்டிய இரண்டு கைகளையும் அண்ணனின் கணுக்காலில் மாட்டி, தன் உடல் பாரம் முழுவதையும் பின்னால் இழுத்தாள். சிறுமி மற்றக் காலைக் கட்டிப்பிடித்துக் கடித்தாள். சங்கையா முகம் குப்புற விழுந்தான். சிமெண்டுத் தரையில் பற்கள் உடைந்தன. அருவா சறுக்கிக்கொண்டு போகும் சத்தத்தை வைத்தே முருகேஸ்வரி அவன் கையைக் கண்டுபிடித்து, மணிக்கட்டின் மேல் காலை வைத்து அழுத்தினாள். எலும்பு முறிந்தது. அவன் போட்ட சத்தம் ஊர் வரைக்கும் போயிருக்கும்.

வெளியே வேன் உறுமியது. காளீஸ்வரன் தப்பிக்கப் பார்த்தான். வேன் வீட்டைச் சுற்றிக்கொண்டு கேட்டை நோக்கிப் பாய்ந்தது. கேட் பூட்டியிருந்தது. உட்பக்கம் சங்கிலி சுற்றி, பூட்டை மாட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கம்மாள் ஒரு ஓரமாக நின்றிருந்தாள். வேன் இரும்புக் கேட்டில் மோதி நின்றது. முன்கண்ணாடி நொறுங்கி, காளீஸ்வரன் ஸ்டீயரிங்கின் மேல் கவிழ்ந்தான். பின்கதவு திறந்துகொண்டு சேலைக் கட்டுகள் கரிசல் மண்ணில் உருண்டன.

கேட்டுக்கு அந்தப் பக்கம் பறக்கும் படையின் ஜீப் வந்து நின்றது. வீடியோகிராபர் கேமராவைத் தோளில் தூக்கியபடியே இறங்கினான்.

மூக்கம்மாள் போய்ப் பூட்டைத் திறந்துவிட்டாள்.

*

சங்கையாவையும் காளீஸ்வரனையும் ஆம்புலன்ஸில் போலீஸ் காவலோடு ஏற்றியபோது மணி நான்கைத் தாண்டியிருந்தது. நாகஜோதியை அடித்தபோது கூட வந்த இரண்டாவது ஆளின் பெயரையும் காளீஸ்வரன் சொல்லிவிட்டான். அசோக்கை விடச் சொல்லி சுபத்ராவே ஸ்டேஷனுக்குப் பேசினாள்.

முருகேஸ்வரியின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது நாகராஜ் போன் செய்தான். நாகஜோதி கண் விழித்துவிட்டாளாம். வாய் திறக்க முடியவில்லை. இடது கையால் அவன் உள்ளங்கையில் என்னவோ எழுதுகிறாளாம், புரியவில்லை என்றான்.

"பேப்பர் அன்னைக்கே போய்ச் சேந்துருச்சு, அந்தப் பொண்ணும் பிள்ளையும் உயிரோட வெளிய வந்துட்டாகன்னு சொல்லுங்க," என்றாள் முருகேஸ்வரி. மறுமுனையில் அவன் அதை மனைவியிடம் சொல்வது கேட்டது.

தங்கலட்சுமியை வீட்டு முன்கூடத்தில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மணிக்கட்டுகளில் கயிறு தின்ற புண். மகள் அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். அண்ணன் பிடுங்கி ஒளித்து வைத்திருந்த ஊன்றுகோலை மூக்கம்மாள் எங்கிருந்தோ தேடி எடுத்துவந்து நாற்காலி ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சுபத்ரா படிவத்தோடு எதிரே உட்கார்ந்தாள். "உங்க பேரை இன்னைக்கே லிஸ்டுல ஏத்துறோம். ஒண்ணு மட்டும் சொல்லணும். வீட்டுல ஓட்டுப் போடுறேன்னு இதுல கையெழுத்துப் போட்டதால, இனி பூத்துல போட முடியாது. ஆளுக வீட்டுக்குத்தான் வருவாக. நீங்களும் பிள்ளையும் இப்போதைக்கு மதுரையில ஒரு காப்பகத்துல தங்க ஏற்பாடு பண்ணிருக்கோம். எந்த விலாசத்துக்கு ஆள் அனுப்பட்டும்?"

"உண்மையிலயே வருவாகளா?" என்று கேட்டாள் தங்கலட்சுமி. எட்டு மாதம் மகளிடம் மட்டும் கிசுகிசுத்த குரல், கரகரத்தது.

"சட்டம். வந்துதான் ஆகணும்."

"நான் யாருக்குப் போடுறேன்னு யாரும் பாக்க மாட்டாகள்ல?"

"யாரும் பாக்க மாட்டாக."

தங்கலட்சுமி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். வாசல் கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்திருந்தது.

"எந்த விலாசத்துக்கும் மாத்த வேண்டாம்," என்றாள். "இது எங்க வீடு. அதுல எழுதியிருக்கிற விலாசத்துக்கே வரச் சொல்லுங்க. நான் இங்கதான் இருப்பேன்."